செந்தூல் பிளாட்டா, புக்கிட் பெருந்தோங் தரை வீடா?

கேள்வி: நான் கோலாலம்பூர் பொது மருத்துவமனையில் தாதி. கணவர் ஜாலான் ஈப்போவில் ஒரு கார் பட்டறையில் வேலை செய்கிறார். சம்பளச் சீட்டு கிடையாது, கையில்தான் காசு. எட்டு வயதில் ஒரு மகள். மூட்டுவலியுள்ள மாமியாரும் எங்களோடு இருக்கிறார். இருவர் வருமானமும் சேர்த்து மாதம் 5,200 வெள்ளி (ரிங்கிட்). செகாம்புட்டில் இப்போது இருக்கும் வாடகை வீட்டை உரிமையாளர் விற்கப் போகிறார். செந்தூலில் ஒரு மலிவு விலை பிளாட் 170,000 வெள்ளிக்கு வந்திருக்கிறது. நான்காம் மாடி, லிப்டு இல்லை. இந்த வாரமே முன்பணம் கட்டச் சொல்லி ஏஜெண்டு அவசரப்படுத்துகிறார். கிட்டத்தட்ட அதே விலைக்குப் புக்கிட் பெருந்தோங்கில் தரை வீடு வாங்கலாம் என்கிறார் கணவர். மாமியாரோ, "பிளாட்டில் போய் இருந்தால் பிள்ளை கெட்டுப்போகும்" என்கிறார். இதற்கிடையில் தெரிந்தவர் ஒருவர் தன் பிபிஆர் வீட்டை (குறைந்த வருமானக்காரர்களுக்கான அரசு வாடகை அடுக்குமாடி) மாதம் 600 வெள்ளிக்குத் தருவதாகச் சொல்கிறார். எதை எடுப்பது?

பதில்: சகோதரிக்கு வணக்கம்.

மூன்றில் ஒன்றை உடனே கழித்துவிடலாம். பிபிஆர் வீட்டைத் தருகிறேன் என்று வந்தவரிடம் பேச்சே வேண்டாம். அந்த வீடு அவருடையது இல்லை, மாநகர் மன்றத்தினுடையது. மன்றம் அவரிடம் வாங்கும் வாடகை மாதம் 124 வெள்ளி. உங்களிடம் 600 வாங்கினால் உட்கார்ந்த இடத்தில் அவருக்கு 476 வெள்ளி. உள்வாடகைக்கு விடுவது அங்கே தடைசெய்யப்பட்டது. அதிகாரிகள் சோதனைக்கு வந்து கதவைத் தட்டினால் திறக்கப் போவது நீங்கள், மூட்டை கட்டப் போவதும் நீங்கள்தான். சரி, முறைப்படியே விண்ணப்பிக்கலாமே என்றால், அதற்குக் குடும்ப வருமானம் 3,000 வெள்ளிக்குள் இருக்க வேண்டும். அந்த வழியும் உங்களுக்கு இல்லை.

மீதி இரண்டில் என் கருத்து செந்தூல்தான். ஆனால் நீங்கள் பார்த்திருக்கும் அந்த வீடு வேண்டாம்.

முதலில் ஏன் செந்தூல் என்று சொல்லிவிடுகிறேன். செந்தூல் தீமோரில் எல்ஆர்டி நகர ரயில் ஏறினால் இரண்டாவது நிறுத்தம் தித்திவங்சா. அங்கே எம்ஆர்டி ரயிலுக்கு மாறினால் அடுத்த நிறுத்தமே உங்கள் மருத்துவமனை. வீடு செந்தூல் பாராட் பக்கம் அமைந்துவிட்டால் மாறவே வேண்டாம், எம்ஆர்டியில் இரண்டே நிறுத்தம். மாதம் 50 வெள்ளிக்கு மை50 அட்டை எடுத்துக்கொண்டால் எல்ஆர்டி, எம்ஆர்டி, மோனோரெயில், ரேபிட் பேருந்து எல்லாமே அதில் அடக்கம். கம்யூட்டர் ரயிலுக்கு மட்டும் அது செல்லாது. உங்கள் கணவரின் பட்டறைக்கு மோட்டார் சைக்கிளிலேயே போய்விடலாம்.

புக்கிட் பெருந்தோங்குக்கும் விலை ஒன்றுதானே என்று தோன்றும். ஆனால் அந்தத் தரை வீட்டோடு ஒரு கார் கடனும் சேர்ந்தே வருகிறது. அது நகருக்கு வெளியே, உலு சிலாங்கூர் மாவட்டத்தில் இருக்கிறது, ஊருக்குள் ரயில் நிலையம் கிடையாது. உங்களுக்கு ஷிப்டு வேலை, அவருக்குப் பகல் வேலை. இரண்டு பேரும் ஒரே வண்டியில் போய்வர முடியாது. காலை ஷிப்டு என்றால் விடிவதற்கு முன்பே நெடுஞ்சாலையில் இருக்க வேண்டும். மாலை ஷிப்டு முடித்து இரவு ஒன்பதுக்குக் கிளம்பினால் வீடு சேரும்போது பிள்ளை தூங்கியிருக்கும். பெட்ரோல், டோல், வண்டித் தவணை மூன்றையும் ஒரு தாளில் எழுதி, வீட்டுத் தவணையோடு கூட்டிப் பாருங்கள். உங்கள் வீட்டுக்காரரையே கூட்டச் சொன்னால் இன்னும் நல்லது. அவர் தரை வீடு கேட்பதில் தப்பே இல்லை. வாசலில் வண்டியை நிறுத்தி, பின்னால் ஒரு முருங்கை நட்டு வாழ யாருக்குத்தான் ஆசை இருக்காது? அந்த வாழ்க்கை வேலையும் பள்ளியும் பக்கத்திலேயே இருப்பவர்களுக்குப் பொருந்தும்.

மாமியாரை யோசியுங்கள். நீங்கள் மூவரும் காலையில் கிளம்பினால் தெரியாத தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) பூட்டிய கேட்டுக்குள் அவர் சாயங்காலம் வரை தனியாக இருக்க வேண்டும். செந்தூல் பிளாட்டில் கதவைத் திறந்து நடைபாதையில் நாற்காலி போட்டால் பேச ஆள் இருக்கும். செந்தூல் ரயில்வே பட்டறைக் காலத்திலிருந்து நம்மவர்கள் வாழும் ஊர். கோயில், மளிகைக் கடை, பூக்கடை எல்லாம் எட்டும் தூரத்தில். மகளுக்குத் தம்புசாமிப் பிள்ளை தமிழ்ப்பள்ளியும் உண்டு, செயின்ட் ஜோசப் தமிழ்ப்பள்ளியும் உண்டு.

ஆனால் அந்த மாமியாரை நான்காம் மாடியில் குடிவைத்தால் நான் சொன்ன சௌகரியம் எதுவும் அவருக்குக் கிடைக்காது. மூட்டுவலிக்காரருக்கு நான்கு மாடிப் படி என்பது சிறைதான். முதல் மாதம் "பரவாயில்லைம்மா, மெதுவா ஏறிக்கிறேன்" என்பார். பிறகு கோயிலுக்குப் போவதை நிறுத்துவார், அப்புறம் கிளினிக்குக்குப் போவதையும் தள்ளிப்போடுவார். கேஸ் தோம்பு, அரிசி மூட்டை எல்லாம் உங்கள் கணவரின் தோளில்தான் ஏறும். அது போகட்டும், ஒரு துக்கம் நேர்ந்தால் அந்தக் குறுகிய படிக்கட்டுத் திருப்பத்தில் பெட்டியை எப்படி இறக்குவது என்று உறவுக்காரர்கள் கூடி நின்று யோசிப்பதை நான் பார்த்திருக்கிறேன். லிப்டு இல்லாத கட்டடம் என்றால் தரைத்தளமோ முதல் மாடியோ தேடுங்கள். ஐந்து, பத்தாயிரம் கூடினாலும் கொடுக்கலாம். முதல் மாடிக்கு மேல் என்றால் லிப்டு உள்ள கட்டடம்தான்.

"பிள்ளை கெட்டுப்போகும்" என்ற பயத்தை நான் தள்ளிவிட மாட்டேன். அடுக்குமாடிக் கட்டடங்களை நிர்வகிப்பதுதான் என் தொழில். சில பிளாக்குகளில் மேல்மாடிப் படிக்கட்டில் இரவில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று எல்லோருக்கும் தெரியும், யாரும் வாய் திறப்பதில்லை. மேலிருந்து சாமான் வீசும் பழக்கமும் உண்மை. 2018-இல் பந்தாய் டாலாமில் ஸ்ரீ பந்தாய் பிபிஆரில் மேல்மாடியிலிருந்து வீசப்பட்ட நாற்காலி விழுந்து 15 வயதுப் பையன் இறந்துபோனான். அம்மாவோடு கடைக்குப் போய்விட்டு வீடு திரும்பிக்கொண்டிருந்த பிள்ளை. அதனால்தான் கட்டடத்தின் ஓரமாக நடக்காமல் கூரை போட்ட நடைபாதையில் போக உங்கள் மகளுக்குச் சொல்லிப் பழக்குங்கள்.

அதே சமயம், அதே மாதிரிப் பிளாக்குகளிலிருந்து பட்டதாரிகளும் தாதிகளும் ஆசிரியர்களும் வந்திருக்கிறார்கள். வித்தியாசம் எங்கே என்றால், பள்ளி விட்டு வந்ததிலிருந்து நீங்கள் வீடு திரும்பும் வரை அந்தப் பிள்ளை யார் கண்ணில் இருக்கிறது என்பதில்தான். உங்கள் வீட்டில் பாட்டி இருக்கிறார். நடைபாதையில் நாலு வீட்டுக்காரர்களுக்குப் பிள்ளையின் பெயர் தெரிந்திருந்தால் போதும், தெரியாத பையன்களோடு நின்றால் உங்கள் காதுக்கு அன்றைக்கே செய்தி வந்துவிடும். சில சமயம் வேண்டாத செய்தியும் வரும், அதைப் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

பொறுத்துக்கொள்ள இன்னும் சில இருக்கின்றன. சுவர் மெல்லியது. பக்கத்து வீட்டில் சம்பல் பெலாச்சான் வதக்கினால் உங்கள் கண் எரியும். நீங்கள் கருவாடு பொரித்தால் அவர்கள் ஜன்னல் சாத்துவார்கள். மேல்வீட்டுப் பிள்ளை இரவு பத்து மணிக்குக் கோலிக்குண்டு உருட்டும். கார் நிறுத்துவது தனி யுத்தம். பழைய மலிவு விலை பிளாட்டுகளில் வீட்டுக்கு ஒரு இடம்கூடத் தேறாது. இரவு ஒன்பதுக்கு மேல் வந்தால் இன்னொரு காருக்குப் பின்னால் நிறுத்தி, கியரை நியூட்ரலில் விட்டு, கைபிரேக்கை எடுத்து, தொலைபேசி எண்ணைக் கண்ணாடிக்குள் வைத்துவிட்டுத்தான் மேலே ஏறுவார்கள். காலையில் பத்து காரைத் தள்ளித்தான் ஒரு கார் வெளியே வரும். நைட் ஷிப்டு முடித்துத் தூங்கும் உங்களை "காரை எடும்மா" என்று எழுப்புவார்கள். ஒரே ஒரு மோட்டாரோடு காலம் தள்ள முடிந்தால் அங்கே நீங்கள் ராஜா வீட்டுப் பிள்ளை மாதிரி.

சரி, வீட்டைப் பார்க்கப் போகும்போது எதைப் பார்ப்பது? எல்லோரும் டைல்ஸையும் கிச்சன் கேபினட்டையும் பார்க்கிறார்கள். நான் முதலில் கீழே அறிவிப்புப் பலகைக்குத்தான் போவேன். பராமரிப்புக் கட்டணம் கட்டாதவர்களின் பட்டியலை நிர்வாகம் அங்கே ஒட்டலாம், 2013-ஆம் ஆண்டு அடுக்குமாடி நிர்வாகச் சட்டத்தின் கீழ் வந்த விதிகள் அதை அனுமதிக்கின்றன. பட்டியல் ஒரு பக்கமா, ஆறு பக்கமா என்று பாருங்கள். அந்த வீட்டில் உங்கள் வாழ்க்கை எப்படி இருக்கும் என்பதைப் பாதிக்கு மேல் அதுவே சொல்லிவிடும்.

கணக்கு எளிது. 300 வீடு, வீட்டுக்கு மாதம் 60 வெள்ளி என்றால் 18,000 வரவேண்டும். பாதிப் பேர் கட்டவில்லை என்றால் கையில் 9,000. அதில் ஜாகாவுக்கு (காவலாளிக்கு) சம்பளம், துப்புரவு, தண்ணீர் மோட்டார், பொது விளக்கு எல்லாம் போக மிச்சம் என்ன? முதலில் ஜாகாவை நிறுத்துவார்கள், பிறகு வாரம் ஆறு நாள் பெருக்கியது மூன்று நாளாகும். கடைசியில் லிப்டு. இரண்டில் ஒன்று பழுதானால் அதன் உதிரிப் பாகத்தைக் கழற்றி மற்றதில் போடுவார்கள். கட்டாதவர்கள் பிறகு கேட்பார்கள், "லிப்டே ஓடல, எதுக்குக் காசு?" என்று. இந்தச் சுற்றில் விழுந்த கட்டடம் எழுந்திருப்பது ரொம்பக் கஷ்டம்.

இது மலிவு விலை வீடுகளில் அதிகமாக இருப்பதற்குக் காரணம் குடியிருப்பவர்களின் குணம் இல்லை. 1982-இல் இத்தகைய வீட்டின் விலையை அரசாங்கம் 25,000 வெள்ளி என்று நிர்ணயித்தது. 1998-இல் இடத்தைப் பொறுத்து அதிகபட்சம் 42,000 வரை உயர்த்தியது. அந்த விலைக்கு வாங்கியவர்களில் பலர் வசதி வந்ததும் வேறு தாமானுக்குப் போய், வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டார்கள். வாடகை மாதாமாதம் வருகிறது. அவர்கள் அந்த லிப்டில் ஏறுவதுமில்லை, அந்தக் குப்பையை முகர்வதுமில்லை. கட்டணம் கட்ட மனசு வருமா? அதனால் நிர்வாக அலுவலகத்தில் கேட்க வேண்டிய கேள்வி, "எத்தனை வீட்டில் உரிமையாளரே குடியிருக்கிறார்?" என்பது. பாதிக்கு மேல் என்றால் தைரியமாக அடுத்த படிக்குப் போகலாம். அந்த அலுவலகமே பூட்டிக் கிடந்தால் நடையைக் கட்டுங்கள்.

பிறகு இவற்றையும் கவனியுங்கள். லிப்டுக்குள் ஒட்டியிருக்கும் தகுதிச் சான்றிதழில் தேதி கடந்திருக்கிறதா? குப்பை அறை எப்படி இருக்கிறது? வீட்டுக்குள் குளியலறைக் கூரையை அண்ணாந்து பாருங்கள். பழுப்பு வட்டம் இருந்தால் மேல்வீட்டிலிருந்து ஒழுகுகிறது. புதிதாக வெள்ளை அடித்திருந்தால் இன்னும் உற்றுப் பார்க்க வேண்டும். ஒழுகலுக்குச் சட்டத்தில் வழி இருக்கிறது: நீங்கள் எழுதிக் கொடுத்த 7 நாளுக்குள் நிர்வாகம் வந்து சோதிக்க வேண்டும், வேறு காரணம் நிரூபிக்கப்படாத வரை கோளாறு மேல்வீட்டில்தான் என்று எடுத்துக்கொள்ளப்படும். நடைமுறையில் மேல்வீட்டுக்காரர் கதவைத் திறக்க வேண்டுமே! ஒரு முறை பகலில் போங்கள், இன்னொரு முறை சனிக்கிழமை இரவு எட்டு மணிக்கு, முடிந்தால் மழை பெய்யும்போது போங்கள். ஏஜெண்டைக் கூட்டிக்கொண்டு போகாதீர்கள். கீழே நாசி லெமாக் விற்கும் அக்காவிடம் ஒரு பொட்டலம் வாங்கி, "இங்க தண்ணி எப்படிக்கா வருது?" என்று கேட்டால் போதும். ஏஜெண்டு சொல்லாததையெல்லாம் அவர் சொல்லிவிடுவார்.

பணத்துக்கு வருவோம். 170,000-க்குப் பத்து விழுக்காடு முன்பணம் போக 153,000 கடன். 4 விழுக்காடு வட்டியில் 30 ஆண்டுக்கு மாதம் 730 வெள்ளி அளவில் வரும். உங்கள் வருமானத்துக்குத் தாங்கும். ஊழியர் சேமநிதியில் செஜாத்ரா கணக்கில் இருப்பதை வீடு வாங்க எடுக்கலாம். கணவருக்குச் சம்பளச் சீட்டு இல்லை என்று கலங்க வேண்டாம், நிரந்தர வருமானச் சான்று இல்லாதவர்களுக்கென்றே எஸ்ஜேகேபி என்ற வீட்டுக் கடன் உத்தரவாதத் திட்டம் இருக்கிறது. வங்கியில் அந்தப் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். இன்றிலிருந்தே பட்டறைச் சம்பளத்தை வங்கியில் போட்டு எடுக்கச் சொல்லுங்கள். ஆறு மாதத்துக் கணக்கறிக்கை கையில் இருந்தால் பேச்சு சுலபமாகும்.

வழக்கறிஞரிடம் மூன்று விஷயம் கேளுங்கள். தனிப் பட்டா வந்துவிட்டதா, குத்தகை நிலம் என்றால் எத்தனை ஆண்டு மிச்சம், விற்பதற்கு அரசு அனுமதி வேண்டும் என்ற நிபந்தனை பட்டாவில் இருக்கிறதா. குத்தகை ஆண்டு குறைவாக இருந்தால் வங்கி பின்வாங்கும். விற்பவர் பராமரிப்புக் கட்டணம், மாநகர் மன்ற வரி இரண்டிலும் பாக்கி வைத்திருக்கிறாரா என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். ஏல வீடு மலிவாக வந்தால் இதை இரட்டிப்பாகக் கவனிக்க வேண்டும், பழைய பாக்கி பெரும்பாலும் ஏலம் எடுத்தவர் தலையில்தான் விழும்.

இவ்வளவும் சொன்ன பிறகு என் யோசனை இதுதான்: உடனே வாங்காமல், பிடித்த பிளாக்கிலேயே ஓராண்டு வாடகைக்கு இருந்து பாருங்கள். செகாம்புட் வீட்டைக் காலி செய்யும் அவசரத்தில் முப்பது ஆண்டுக் கடனில் கையெழுத்திட வேண்டியதில்லை. உள்ளே இருப்பவருக்குத்தான் எந்த வீடு விற்பனைக்கு வருகிறது என்று முதலில் தெரியும். நல்ல தரைத்தள வீடெல்லாம் விளம்பரத்துக்கு வருவதற்குள் கைமாறிவிடும்.

வாடகைக்குத் தேடும்போது "இந்தியர் வேண்டாம்" என்ற பதில் உங்கள் காதிலும் விழும். பெயரைக் கேட்டதுமே "வீடு போயிடுச்சு" என்பார்கள். அதைத் தடுக்க வாடகை வீட்டுக்கென்று தனிச் சட்டம் இங்கே இல்லை, நின்று வாதாடிப் பயனும் இல்லை. நீங்கள் அரசு மருத்துவமனைத் தாதி. வேலை அட்டையும் சம்பளச் சீட்டும் கையில் இருக்கட்டும், செகாம்புட் உரிமையாளரிடம் வாடகை ஒழுங்காகக் கட்டினார்கள் என்று நாலு வரி எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். செந்தூலில் நம்மவர்களே நிறைய வீடு வைத்திருக்கிறார்கள், கோயிலில் சொல்லிவைத்தால் இணையத்தைவிட வேகமாக வேலை நடக்கும். இரண்டு மாத முன்பணம், ஒரு மாத வாடகை, தண்ணீர் மின்சாரத்துக்கு அரை மாதம் என்பது இங்கே வழக்கம். ஒப்பந்தத்துக்கு முத்திரைக் கட்டணம் கட்டுங்கள், அது இல்லாத ஒப்பந்தம் நீதிமன்றத்தில் நிற்காது.

நாளைக்கு அங்கேயே வீடு வாங்கினால் ஆண்டுப் பொதுக்கூட்டத்தைத் தவறவிடாதீர்கள். நான் நடத்திய கூட்டங்களில் பாதி இப்படித்தான்: எட்டு மணிக்கு அழைப்பு, எட்டுக்கு மூன்று பேர். அரை மணி நேரம் பார்த்தும் போதிய ஆள் வராவிட்டால், வந்திருப்பவர்களை வைத்தே கூட்டத்தை நடத்தலாம் என்கிறது சட்டம். முந்நூறு வீட்டுக்கு வேண்டியதைப் பத்துப் பதினைந்து பேர் முடிவு செய்துவிட்டுப் போவார்கள், மறுநாள் காலையில் மீதிப் பேர் லிப்டில் நின்று திட்டுவார்கள். கட்டணம் கட்டியவருக்கு மட்டும்தான் ஓட்டு. உங்களைப் போல மாதாமாதம் கட்டுகிற நான்கு பெண்கள் சேர்ந்து வந்தாலே அந்தக் கூட்டத்தில் பெரிய கட்சி. கட்டணப் பாக்கி வசூலிலிருந்து ஜாகா நியமனம் வரை மாற்றிவிடலாம். பிரச்சினை நிர்வாகத்தோடேயே என்றால் மாநகர் மன்றத்தில் கட்டட ஆணையர் அலுவலகம் இருக்கிறது, அடுக்குமாடி நிர்வாகத் தீர்ப்பாயமும் இருக்கிறது. தீர்ப்பாயத்தில் 250,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளை எடுத்துக்கொள்வார்கள்.

கடைசியாக, நான்காம் மாடி வீட்டுக்கு இந்த வாரமே முன்பணம் கட்டச் சொல்லி ஏஜெண்டு அவசரப்படுத்துவதாக எழுதியிருந்தீர்கள். கட்ட வேண்டாம். வேறு வீடு பார்த்து முடிவான பிறகும், அவர் கழுத்தில் மாட்டியிருக்கும் அட்டையின் பதிவு எண்ணைச் சொத்து முகவர் வாரியத்தின் இணையத்தளத்தில் சரிபார்த்துவிட்டு, பணத்தை அவருடைய நிறுவனக் கணக்கிலோ வழக்கறிஞர் கணக்கிலோ மட்டும் போடுங்கள். அவருடைய சொந்தக் கணக்கு எண்ணைக் கொடுத்தால் அந்த ஆளையும் மாற்றிவிடுங்கள்.